ஆன்றோவின் பாதையைத் தொடவில்லை

நவம்பர் 3, திங்கள்

மழை. அடித்தள ஆய்வகத்தின் கூரை மூலையில் காலையிலிருந்து சொட்டுகிறது. உதவியாளர் ஏழுமலை அண்ணன் வாளி வைத்தார். தண்ணீர் மேசை விளிம்பில் தெறிக்கிறது என்று, ஆன்றோவின் பாதையில் ஒளியைக் கொண்டுபோகும் மஞ்சள் ஃபைபர் இழையை ஒரு சாண் உள்ளே தள்ளி வைத்தார். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஒரு சாண்தானே.

ஆய்வக நோட்டில் எண்களை மட்டும் எழுதவேண்டும், புலம்பக் கூடாது என்பது எங்கள் வழிகாட்டி வசுந்தரா மேடத்தின் உத்தரவு. என் புலம்பலைக் கேட்டுக்கொண்டிருந்த ஆள், என்னோடு ஆய்வு செய்யும் ஆன்றோ, அப்பாவுக்குப் பக்கவாதம் என்று குளச்சலுக்குப் போய் இன்றோடு ஐந்து வாரம். பத்து நாளில் வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவன். அதனால் இந்த நோட்டு.

நவம்பர் 5, புதன்

ஏழுமலை அண்ணன் இன்று கேட்டேவிட்டார். "இன்னாம்மா செண்பகம், நீயும் அந்தத் தம்பியும் ஒரு வர்சமா இந்தக் கண்ணாடியத் தொடச்சிக்கினே கீறீங்க. இன்னாதான் பண்றீங்க?"

டீ வாங்கி வந்து கொடுத்தவருக்குச் சொல்லாமல் இருக்க முடியுமா? "ஊதா லேசர் இந்தக் கல்லுல பட்டா, எப்பவாவது ஒரு ஒளித்துகள் ரெண்டா உடையும்ண்ணே. பிறக்கும்போதே பிணைஞ்ச ரெட்டை. ஒண்ணு என் பாதையில வரும், ஒண்ணு ஆன்றோ பாதையில. ரெண்டும் இந்தப் பாதி ரசம் பூசுன கண்ணாடியில சந்திக்கும்."

"சந்திச்சா?"

"கண்ணாடிக்கு ரெண்டு வாசல். ரெண்டு துகளும் அச்சு அசலா ஒண்ணுபோல இருந்து, ஒரே நேரத்துல வந்து சேர்ந்தா, ரெண்டும் ஒரே வாசல் வழியாத்தான் வெளிய போகும். நீ இந்தப் பக்கம் நான் அந்தப் பக்கம்னு பிரியவே பிரியாது. எது எவனோட துகள்னு கண்டுபிடிக்க துளி அடையாளம் இருந்தாலும் போச்சு. அதது பாட்டுக்குப் போயிரும்."

இரண்டு வாசலிலும் ஒவ்வொரு உணரி இருக்கிறது. இரண்டிலும் ஒரே சமயத்தில் ஒளி விழுந்தால் கவுண்ட்டரில் செருகிய சின்ன ஸ்பீக்கர் 'டிக்' என்னும். என் பாதையின் நீளத்தை மைக்ரோமீட்டரால் இம்மி இம்மியாக மாற்றிக்கொண்டே போனால், இரண்டும் சரியாகச் சந்திக்கும் இடத்தில் டிக் நின்றுபோக வேண்டும். வரைபடத்தில் அது ஒரு பள்ளம். அந்தப் பள்ளத்தைத்தான் தேடுகிறேன்.

"அப்ப சத்தம் வர்லன்னா வேலை முடிஞ்சிச்சுன்னு அர்த்தம்? என் வூட்ல சத்தம் வர்லன்னா சண்டைன்னு அர்த்தம்மா" என்று சொல்லி கிளாஸை எடுத்துக்கொண்டு போனார்.

நவம்பர் 8, சனி

ஆறு மணிக்கு ஆன்றோவைக் கூப்பிட்டேன். ஆய்வு விஷயமாகத்தான். ஃபைபரைச் சுற்றி வைத்திருக்கும் மூன்று கறுப்புத் தகடுகளை நாங்கள் காதுகள் என்போம். அவற்றைத் திருகினால் உள்ளே போகும் ஒளியின் அதிர்வுத் திசை திரும்பும். இரண்டு பாதையிலும் திசை ஒன்றாக இருக்கவேண்டும். அவன் பாதையில் எந்தக் கோணத்தில் வைத்திருந்தான் என்று கேட்டேன். சொன்னான்.

மொத்தம் இருபத்து நான்கு நிமிடம். கோணத்துக்கு மூன்று நிமிடம் ஆகியிருக்கும். மீதி நேரம், அவனுடைய அப்பா இடது கையால் கரண்டி பிடித்து மரச்சீனிக் கிழங்கும் சாளைமீன் கறியும் தானே சாப்பிட்டது, படகு எஞ்சின் மெக்கானிக்காக இருந்த மனுஷனுக்குச் சட்டைப் பித்தான் போடவே கால்மணி நேரம் ஆவது, கடல் நிறம் மாறியிருப்பது. "அடுத்த வாரம் வந்துருவேன் பாத்துக்க" என்றான்.

போன வாரமும் இதையேதான் சொன்னான். இருந்தாலும் சொல்லட்டும்.

நவம்பர் 10, திங்கள்

மேடம் அறைக்கு அழைத்தார். "ஆன்றோ லீவு டிசம்பர் பதினஞ்சோட முடியுது. அன்னிக்கு வந்து ரிஜிஸ்டர்ல கையெழுத்துப் போடலைன்னா பேரை அடிச்சிடுவாங்க. அந்த இடத்துக்கு வெளியில ரெண்டு பேர் காத்திருக்காங்க. அவன் இல்லாம உன்னால முடிக்க முடியுமா?"

"முடியாது மேடம்."

"யோசிச்சுச் சொல்லு."

"அவன் பாதை அவனுக்குத்தான் தெரியும் மேடம். அவன் வந்தாகணும்."

"சரி, அவன் அவசியம் தேவைன்னா லீவை நீட்டிக்கச் சொல்லி எழுதிப் பாக்கறேன். நீ காரணத்தை எழுதிக் கொண்டா."

எழுதிக் கொடுத்தேன். இவ்வளவு நல்ல ஆங்கிலம் எனக்கு வரும் என்று எனக்கே தெரியாது. என் கையில் வேலை முடியாதவரை அவன் இடம் அங்கேயே இருக்கும். கோவில்பட்டியில் நான் முதல் மார்க் வாங்கியபோது என் கெட்டிக்காரத்தனம் இப்படித் தலைகீழாகப் பயன்படும் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

நவம்பர் 13, வியாழன்

காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்துவரை ஒரே ஓட்டம். மைக்ரோமீட்டரை முழு நீளத்துக்கும் நகர்த்தி எண்ணினேன். பள்ளம் இல்லை. 11.42 மில்லிமீட்டரில் ஒரு சின்னக் குழி மட்டும். பத்து சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல். 'இரைச்சல்' என்று ஆய்வக நோட்டில் எழுதினேன்.

மறுபடி ஓட்டினேன். அதே இடத்தில் அதே குழி. மறுபடியும் 'இரைச்சல்' என்று எழுதினேன்.

நவம்பர் 18, செவ்வாய்

இன்று பன்னிரண்டரைக்கே ஆன்றோவைக் கூப்பிட்டேன். மூச்சு வாங்க எடுத்தான். பின்னால் பெரிய மணிச் சத்தம், தொடர்ந்து பிள்ளைகளின் கூச்சல்.

"எங்க இருக்க?"

"கோயில்ல. பிள்ளைகளுக்கு மறைக்கல்வி கிளாஸ் கேட்டியா. நீ ஆறு மணிக்குக் கூப்பிடேன்."

செவ்வாய்க்கிழமை மதியத்தில் எந்த ஊர் தேவாலயத்தில் மறைக்கல்வி நடக்கிறது என்று நான் கேட்கவில்லை. அவர்கள் பக்கத்து வழக்கம் எனக்கென்ன தெரியும்? ஆறு மணிக்குக் கூப்பிட்டேன். லென்ஸ் துடைக்கும் திரவம் எது என்று கேட்டேன்.

நவம்பர் 24, திங்கள்

மேடம் ஆய்வகத்துக்கே வந்துவிட்டார். வரைபடங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். 11.42-இல் விரலை வைத்தார்.

"இது என்ன?"

"நாய்ஸ் மேடம்."

"ஆறு தடவையும் ஒரே எடத்துல உக்காந்திருக்கே. ஆன்றோ ஃபைபரோட அவுட்புட்டை அளந்தியா? திசை திரும்பியிருக்கப் போகுது."

"டேப் இருக்கு மேடம்."

ஒருவர் சீரமைத்த பாதையின்மேல் அவர் பெயரை எழுதி நீல டேப் ஒட்டிவிட்டால் வேறு யாரும் கை வைக்கக் கூடாது. மேடமே போட்ட சட்டம். முன்னொரு காலத்தில் ஒரு பையன் இன்னொருவனின் கண்ணாடியை இடித்து ஆறு மாத உழைப்பைக் கெடுத்தபிறகு வந்தது. ஆன்றோவின் டேப்பில் 'ஆன்றோ, செப்டம்பர் 26. தொட்டால் கொலை' என்று எழுதியிருக்கிறது. மேடம் அதைப் படித்தார். என்னைப் பார்த்தார். "என் பக்கத்தை அவன் நோட்டுல எழுதி வச்ச கோணத்துக்குச் சரியா பொருத்தியிருக்கேன் மேடம்" என்றேன். வரைபடங்களை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

வளைத்த ஃபைபரை நகர்த்தினால் அதிர்வுத் திசை திரும்பும் என்பது இரண்டாம் வருட மாணவனுக்குத் தெரியும். ஏழுமலை அண்ணனுக்குத் தெரியாது. எனக்கு அன்று ஞாபகம் வரவில்லை.

நவம்பர் 29, சனி

புயல் விடுமுறை. விடுதியில் மின்சாரம் இல்லை. சார்ஜ் இரண்டு சதவீதம் இருந்தபோது அவனைக் கூப்பிட்டேன். "சாப்ட்டியா?" என்று அவன் கேட்பதற்குள் போன் அணைந்துவிட்டது.

டிசம்பர் 4, வியாழன்

உணரிக்கு நேராக ஒளியைக் கொண்டுவருவது இரண்டு பேர் வேலை. ஒருவர் திருகைத் திருப்ப, மற்றவர் திரையைப் பார்த்து எண்ணைச் சத்தமாகப் படிக்கவேண்டும். நான் திருப்புவேன், அவன் படிப்பான். "நூத்தி நாப்பது... நூத்தி அறுவது... போ... இன்னும் போ... நில்லு!" அந்த 'நில்லு'வில் எப்போதும் ஒரு சந்தோஷம் இருக்கும். மீன் மாட்டியதுபோலச் சொல்வான்.

இப்போது நானே திருப்பி, நானே கழுத்தைத் திருப்பித் திரையைப் பார்த்து, நானே படிக்கிறேன். இன்று உச்ச எண் வந்ததும் 'நில்லு' என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். சகிக்கவில்லை.

இந்த நோட்டில்கூட எழுதாவிட்டால் எங்கே எழுதுவது? எனக்கு அவன் வேண்டும். மேசைக்கு அந்தப் பக்கம், விளக்கை அணைத்தபிறகு, எண் படிக்கிற குரல் வேண்டும். ஒரு வருடம் நாலடி தூரத்தில் இருந்தான், அப்போது இது எனக்கு உறைக்கவில்லை. எழுநூறு கிலோமீட்டர் தள்ளிப்போனபிறகு உறைக்கிறது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

பதினைந்துக்குள் வந்துவிடுவான். லீவு நீட்டிப்புக்கு இன்னும் பதில் இல்லை.

டிசம்பர் 8, திங்கள்

மூன்று மணிக்குக் கூப்பிட்டேன். அவனுடைய அப்பா எடுத்தார். போனை மறந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறான். வார்த்தைகள் குழறின, ஆனால் நிறுத்தி நிறுத்தி நன்றாகவே சொன்னார். "மெட்ராஸ் பிள்ளையா? அவன் பள்ளிக்கூடம் போயிருக்கான் மோளே. சம்பளமெல்லாம் வாங்கிட்டான். நல்ல வேலையாக்கும். நாலரைக்கு வருவான்."

"சரிங்கப்பா" என்றேன். "உடம்பு எப்படி இருக்கு?" என்றும் கேட்டேன். கேட்டேன் என்றுதான் நினைக்கிறேன்.

டிசம்பர் 9, செவ்வாய்

தலைவலி. ஆய்வகம் போகவில்லை. ஆறு மணிக்கு அவன் கூப்பிட்டான். இரண்டு தடவை. நான் எடுக்கவில்லை.

டிசம்பர் 10, புதன்

காலை பத்து மணிக்கு டேப்பை உரித்தேன்.

ஒன்றும் ஆகவில்லை. கூரை இடிந்து விழவில்லை. அவனுடைய ஃபைபரைக் கண்ணாடியிலிருந்து கழற்றி, முனையில் வரும் ஒளியின் திசையை அளந்தேன். பத்து நிமிட வேலை. எழுபது டிகிரி விலகியிருந்தது. ஒரு மாதமாக நான் செப்டம்பர் 26-ஆம் தேதி ஆன்றோவோடு என்னைப் பொருத்தி வைத்திருந்தேன். அவன் அங்கே இல்லை. எழுபது டிகிரி விலகினால் முழுப் பள்ளம் பத்துப் பன்னிரண்டு சதவீதக் குழியாகச் சுருங்கும் என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்கவே வேண்டாம், எனக்குத் தெரியும். அண்ணன் ஃபைபரைத் தள்ளிய அன்றே தெரியும். ஞாபகம் வரவில்லை என்று எழுதியது பொய்.

ஆன்றோவின் காதுகளை ஒவ்வொன்றாகத் திருகினேன். நன்றாகவே திருகினேன், கோபம் இருந்தது. திசை என்னுடையதோடு ஒன்றானதும் ஃபைபரைத் திரும்ப மாட்டினேன். தேடவேண்டிய வேலையே இல்லை. நேராக 11.42-க்குப் போனேன். நொடிக்கு முப்பது முறை டிக்டிக் என்று பொரிந்துகொண்டிருந்த ஸ்பீக்கர் அடங்கிப்போனது. நொடிக்கு ஒன்றோ இரண்டோ. சில நொடிகளில் அதுவும் இல்லை. இரண்டு துகள்களில் எது என்னுடையது, எது அவனுடையது என்று இனி உலகத்தில் யாராலும் சொல்ல முடியாது. நான் நாற்காலியில் உட்கார்ந்து அழுதேன். ஏழுமலை அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டு, டீயை வாசலிலேயே வைத்துவிட்டுப் போனார்.

ஆறு மணிக்குக் கூப்பிட்டேன்.

"செண்பகம், நேத்து நான்..."

"பேசாத. இதக் கேளு."

போனை ஸ்பீக்கர் அருகே வைத்துக்கொண்டு 11.30-இலிருந்து மெதுவாக நகர்த்தினேன். பொரிந்தது. இடைவெளி விட்டது. நின்றது.

"செண்பகம்? லைன் போயிட்டா? ஒண்ணும் கேக்கல."

"அதான். ஒண்ணும் கேக்கக் கூடாது."

அப்புறம்தான் அவனுக்கு விளங்கியது. "எம் மாதாவே!" என்று கத்தினான். "எத்தன சதவீதம்?"

"தொண்ணூத்தி நாலு."

"எங் காதத் திருகினியா?"

"திருகினேன்."

"டேப்பு?"

"உரிச்சாச்சு."

"தொட்டா கொலைன்னு எழுதியிருந்தேனே."

"வந்து பண்ணு."

அவன் சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "அப்பா சொல்லிட்டாரா?" என்றான்.

"சொன்னாங்க. எப்ப சேந்த?"

"அக்டோபர் இருபத்தேழு. பதினொண்ணாங் கிளாசுக்கு. அப்பாவ விட்டுட்டு வர முடியாது செண்பகம். அது எனக்கு மொத மாசமே மனசிலாச்சு."

"அப்ப வாரா வாரம் அடுத்த வாரம், அடுத்த வாரம்னு எதுக்குச் சொன்ன? பதினஞ்சாந்தேதிய எண்ணிக்கிட்டு உக்காந்திருக்கேன் இங்க."

"உண்மையச் சொல்லியிருந்தா மேடம் வேற ஆளப் போட்டிருக்கும். சந்தேகம் வந்தா நீ அவன்ட்ட கேப்ப. என்ன எதுக்குக் கூப்பிடுவ?"

நான் மைக்ரோமீட்டரை 11.42-இலேயே பிடித்துக்கொண்டிருந்தேன்.

"இப்ப அதும் முடிஞ்சாச்சு. இனி?" என்றான்.

ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நாலாம் தேதி இந்த நோட்டில் பக்கம் பக்கமாக எழுதியதில் ஒரு வரியைப் படித்துக் காட்டியிருந்தால்கூடப் போதும். "மேடம்கிட்ட சொல்லணும், வைக்கிறேன்" என்று வைத்துவிட்டேன். என்னைப்போல ஒரு முட்டாளை நான் பார்த்ததில்லை.

டிசம்பர் 11, வியாழன்

மேடம் வரைபடத்தை வெகுநேரம் பார்த்தார். "நல்லா இருக்கு. இது போன மாசமே வந்திருக்கணும்" என்றார்.

"ஆமா மேடம்."

"நீ எழுதின லெட்டரைப் படிச்சிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன், செண்பகம்." எனக்குக் காது சூடாகிவிட்டது.

டிசம்பர் 13, சனி

ஆறு மணி. அவனிடம் கேட்பதற்கு ஒன்றும் இல்லை. எல்லாம் ஒழுங்காக வேலை செய்கிறது. ஏதாவது ஒரு திருகைத் தளர்த்திவிட்டுக் கேட்கலாமா என்றுகூட யோசித்தேன். அவனும் கூப்பிடவில்லை.

டிசம்பர் 14, ஞாயிறு

ஆறு மணி. ஏழு மணி. துணி துவைத்தேன்.

டிசம்பர் 15, திங்கள்

லீவு நீட்டிப்புக்குக் கடைசிவரை பதில் வரவில்லை. ஐந்தரைவரை ரிஜிஸ்டர் மேடத்தின் மேசையில் திறந்தே இருந்தது. வரமாட்டான் என்று தெரிந்தும், படியில் காலடி கேட்கும்போதெல்லாம் கதவைப் பார்த்தேன். ஐந்தரைக்கு அலுவலகத்திலிருந்து வந்து அவன் பெயரின்மேல் சிவப்புக் கோடு போட்டு எடுத்துப் போனார்கள். ஜனவரியில் புதியவர் வருகிறாராம். எனக்கு ஆய்வேடு முடிய இன்னும் ஒரு வருடம். அவனுக்கு அங்கே அப்பா. இதில் யாரையும் குற்றம் சொல்ல முடியவில்லை, அதுதான் எரிச்சலாக இருக்கிறது.

டிசம்பர் 16, செவ்வாய்

இன்று ஆய்வகத்தில் எழுதும்படி எதுவும் நடக்கவில்லை. ஆறு மணிக்கு அவனைக் கூப்பிட்டேன்.

முதல் மணியிலேயே எடுத்தான். "என்ன செண்பகம், அலைன்மெண்ட் ஏதும் போயிட்டா?"

"இல்ல. எல்லாம் சரியா இருக்கு."

"பின்ன?"

"கேக்கறதுக்கு ஒண்ணுமில்ல ஆன்றோ. என்னிக்குமே இருந்ததில்ல."

"அது எனக்கும் தெரியும்" என்றான். "நீ இதுவரைக்கும் கேட்டதெல்லாத்தயும் நான் நோட்டுல எழுதி வச்சிட்டுத்தான வந்தேன்."

பிறகும் வெகுநேரம் பேசினோம். என்ன பேசினோம் என்பதை எழுதப்போவதில்லை.